உண்ண வந்தவருக்கு இரண்டகம்

துப்பறியும் கதை வாசகர்களிடையே ஒரு மேல்கீழ் உண்டு. மேல்தட்டில் ஓயாமல் மழை பெய்யும் நகரம், மணவாழ்க்கை முறிந்து குடிக்கும் போலீஸ் அதிகாரி, மூன்றாம் பக்கத்திலேயே சிதைந்து கிடக்கும் உடல். இவற்றுக்கு 'சமூகத்தின் இருண்ட பக்கம்' என்று மதிப்புரை எழுதலாம். கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தீவு, பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி, அடுப்படியை ஆளும் நடுவயதுப் பெண், காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வராத ஒரு விருந்தாளி, புத்தகத்தின் கடைசியில் இரண்டு மூன்று கேக் செய்முறைகள். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பெயர் வைத்து, அதிலும் சமையல் கோஸி என்று ஓர் உட்பிரிவு போட்டு, தனி அலமாரி ஒதுக்கிவிட்டார்கள். விரும்பிப் படிக்கிறவர்கள்கூட, "சும்மா, தூக்கம் வர்றதுக்கு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டுதான் படிக்கிறார்கள்.

இந்த இளக்காரம் பழையது. துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் ஆங்கிலேயப் பாணித் துப்பறியும் கதையை வறுத்தெடுத்தார். கொலையை வரவேற்பறைப் புதிராக்கியவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி, நிஜமான காரணத்துக்காகக் கொல்கிறவர்களின் கையில் டாஷியல் ஹாமெட் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் வாதம். மறு ஆண்டு விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' இதழில், அகதா கிறிஸ்டி கதையில் சாகும் ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று கேட்டார். எண்பது ஆண்டு கழித்தும் நம் இலக்கியக் கூட்டங்கள்வரை அதே பல்லவிதான்: சாப்பாடு வெறும் ஜோடனை, தீவும் விடுதியும் நாடக செட், ஏழை பணக்காரன் என்ற பேச்சே நுழையாத சொகுசு எழுத்து. சாண்ட்லரின் நடைக்கு நான் ரசிகன். அவருடைய தீர்ப்பை ஏற்க மாட்டேன்.

ஜோடனை என்கிறார்களே, அதை முதலில் பார்க்கலாம். அகதா கிறிஸ்டியின் 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' (1953) நாவலில் ஒரு பணக்கார வியாபாரி தன் லண்டன் அலுவலகத்தில் தேநீர் குடித்த சற்று நேரத்தில் சுருண்டு விழுந்து சாகிறார். எல்லாருடைய கண்ணும் அந்தத் தேநீர்க் கோப்பை மேல், அதைப் போட்டுக் கொடுத்த பெண்கள் மேல். ஆனால் உடலில் இருந்தது டாக்ஸீன் என்ற நஞ்சு. யூ என்னும் மரத்தின் இலையிலும் விதையிலும் இருப்பது. அது குடித்தவுடன் கொல்லாது, கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அலுவலகத் தேநீர் குற்றமற்றது. வீட்டில் சாப்பிட்டு வந்த காலை உணவைத்தான் விசாரிக்க வேண்டும். நஞ்சு கசக்கும். காலை மேசையில் ஏற்கெனவே கசப்பாக இருந்து, கூடுதல் கசப்பைக் காட்டிக்கொடுக்காத பண்டம் எது? ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டுக் காய்ச்சும் மார்மலேட். அங்கேதான் விடை.

துப்பாக்கிக் கதையில் துப்பாக்கிக்குப் பதில் கத்தியை வைத்தாலும் கதை ஓடிவிடும். இந்தக் கதையில் மார்மலேடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேனை வையுங்கள், கதையே விழுந்துவிடும். கொலை எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, யாருடைய பழக்கத்தைத் தெரிந்தவர் கையால் நடந்தது என்ற மூன்றையும் ஒரு ஜாடி சொல்கிறது என்றால், அதை ஜோடனை என்று சொல்ல எப்படி மனம் வரும்? கிறிஸ்டி இதையெல்லாம் கற்பனையில் பிடிக்கவில்லை. முதல் உலகப்போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவலில் ஸ்ட்ரிக்னின் நஞ்சைக் கையாண்ட விதத்தைப் பாராட்டியது 'ஃபார்மாசூட்டிகல் ஜர்னல்', மருந்தாளர்களின் தொழில் இதழ். இலக்கிய மதிப்புரையாளர் பாராட்டைவிட அது பெரிது என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய ஒரு சிறுகதை இதைவிடச் சிக்கனமானது. லண்டனில் ஓர் உணவகம். ஒரு கிழவர் பல வருடங்களாகச் செவ்வாயும் வியாழனும் வந்து சாப்பிடுகிறார். கெட்டி சூப் தொடமாட்டார், கொழுப்பு சேர்த்து வேகவைத்த புட்டிங் ஆகாது, பிளாக்பெரிப் பழம் பிடிக்காது. ஒரு வாரம் திங்கட்கிழமை வந்து இந்த மூன்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போகிறார். பரிமாறும் பெண்ணுக்கு இது ஆச்சரியம். மனசு சரியில்லாத மனிதர் என்று மற்றவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். துப்பறிவாளர் பாய்ரோ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மனசு சரியில்லாதவன் பழகின சாப்பாட்டைத்தான் கேட்பான். பிடிக்காததைத் தேடிப் போய்த் தின்னமாட்டான். நம் ஊரில் பந்தி விசாரிக்கிற பெரியவர் ஒருவர் எடுத்த இலைகளைப் பார்த்தே சம்பந்தி வீட்டின் கோபதாபத்தைச் சொல்லிவிடுவாரே, அந்த அறிவு இது. கைரேகையும் குண்டின் தடமும் அறிவியல், தட்டில் மிச்சம் வைத்தது மட்டும் அடுப்படி வம்பு என்று பிரித்தது யார்?

தீவும் விடுதியும் செட் என்று சொல்பவர்கள் இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்குப் போகலாம். பிக்பரி-ஆன்-சீ என்ற ஊருக்கு எதிரே, கரையிலிருந்து கால் கிலோமீட்டரில் பர்க் தீவு இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது மணலில் நடந்தே போகலாம். ஓதம் ஏறிவிட்டால், உயரமான கால்களின் மேல் மேடை வைத்த ஒரு விசித்திர டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மேட்டில் 1929-இல் கட்டிய வெள்ளை ஹோட்டல். அடியில் பல நூற்றாண்டுப் பழமை கொண்டாடும் 'பில்சர்ட் இன்' என்ற சிறிய சத்திரம்; பில்சர்ட் என்பது நம் மத்திக்கு உறவான மீன். அந்தக் காலத்தில் தீவின் உச்சியில் ஆளை நிறுத்தி, மீன் கூட்டம் தெரிந்தால் கூவச் சொல்லிக் கரையை உஷார்ப்படுத்தியிருக்கிறார்கள். கிறிஸ்டி அந்தத் தீவில் தங்கியவர். 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939), 'ஈவில் அண்டர் தி சன்' (1941) இரண்டும் அந்த மண்ணிலிருந்து எழுந்தவை.

தீவு விடுதியில் கணக்குத் தப்பாது. கதைக்கு அதுதான் முதல். பால், ரொட்டி, முட்டை எல்லாம் கரையிலிருந்து வர வேண்டும். தலையை எண்ணித்தான் வாங்குவார்கள். ஓர் ஆள் கூடினாலும் குறைந்தாலும் முதலில் தெரிவது சமையலறைக்கு. யார் எத்தனை மணிக்கு வெந்நீர் கேட்டார், எந்தப் படுக்கை கலையாமல் இருக்கிறது, யாருடைய ஷூ ஈரம் என்பதெல்லாம் வேலைக்காரர்களுக்கு அத்துபடி. 'ஈவில் அண்டர் தி சன்' கதையில் ஒருவர் நண்பகலில் குளித்திருக்கிறார். குழாயில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டால் எந்த விருந்தாளியும் நான் குளித்தேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் குளிக்காத ஒரு குளியல்! லட்சம் பேர் வாழும் நகரத்தில் இதற்கு ஒரு பொருளும் இல்லை. விடுதியில் இது தூக்குக் கயிறு.

'அண்ட் தென் தேர் வேர் நன்' கோஸி வகை இல்லையே என்று யாராவது மடக்கலாம். சரி, இல்லைதான். ஆனால் தீவுச் சாப்பாட்டுக் கதைகளுக்கெல்லாம் அது பாட்டி. எட்டுப் பேரைத் தீவுக்கு விருந்துக்கு அழைத்தவரின் முகத்தை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. சமைக்கவும் பரிமாறவும் வந்த கணவன் மனைவிக்கும் தெரியாது. முதல் இரவு விருந்து அமர்க்களம், மதுவும் உயர்ந்த ரகம். அன்றிரவே சமையல்காரி தூக்கத்தில் போய்விடுகிறாள். கணவன் மட்டும் ஒண்டியாய்ச் சமாளிக்கிறான். அவனும் விறகு பிளக்கும் இடத்தில் செத்துக் கிடக்கிறான். விருந்துக்கு வந்த பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். தேநீர் போடப் போகிற பெண்ணின் பின்னால் மிச்சமிருக்கும் அத்தனை பேரும் சமையலறைக்குப் போய் நின்று, அவள் கையையே பார்க்கிறார்கள். கடைசியில் டின்னில் அடைத்த நாக்கு இறைச்சியும் டின் பழமும், சமையலறை மேசையைச் சுற்றி நின்றபடியே. விருந்து படிப்படியாகத் தீனியாகச் சுருங்குகிறது. மனிதர்களுக்கு நடுவே நம்பிக்கை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோலை எந்த இருண்ட நாவல் வைத்திருக்கிறது, சொல்லுங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைப் பாவங்களில் பெரிதாகச் சொல்லும் நமக்கு, உண்ண வந்தவருக்குச் செய்யும் இரண்டகம் என்ன ரகம் என்று விளக்க வேண்டியதில்லை.

"கதைக்குச் சரி, நிஜத்தில் இப்படி நடக்குமா?" என்பது அடுத்த கேள்வி. நடந்திருக்கிறது. தீவு, சமையல்காரி, வாடகை வீடு, துப்பறிந்தவர் எல்லாம் உண்டு.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் ஆய்ஸ்டர் பே என்ற ஊர். 1906 கோடையில் ஒரு வங்கியாளர் குடும்பம் அங்கே வீடு எடுத்துத் தங்கியது. வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு. வீட்டுச் சொந்தக்காரருக்கு நோயாளிகளைவிட அடுத்த கோடைக் கவலை: டைபாய்டு வீடு என்று பெயர் எடுத்தால் யார் வாடகைக்கு வருவார்கள்? கதைகளில் வரும் விடுதிக்காரிகளின் அதே பயம். அவர் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை அமர்த்தினார்.

சோப்பர் தண்ணீரைச் சோதித்தார், சாக்கடையைச் சோதித்தார். கடற்கரையில் கிளிஞ்சல் விற்ற பெண்ணின் மேல் சந்தேகப்பட்டார். ஆனால் நோய் வந்த எல்லாரும் கிளிஞ்சல் தின்னவில்லை. யார் எதைச் சாப்பிட்டார் என்று தட்டுத் தட்டாக விசாரித்ததில் அந்தச் சந்தேகம் விழுந்தது. பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நோய் தொடங்குவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 4 அன்று, அந்த வீட்டில் சமையல்காரி மாறியிருக்கிறார். புது சமையல்காரி நோய் வந்தபின் வேலையை விட்டுப் போய்விட்டார். இடிக்கிற இடம் ஒன்று இருந்தது: சமைத்த உணவில் கிருமி சூட்டிலேயே செத்துப்போகுமே. அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைப் பண்டம் வெளியே வந்தது. பச்சையாக நறுக்கிய பீச் பழத்தைப் போட்டுச் செய்த ஐஸ்கிரீம். அடுப்பே ஏறாத பண்டம்.

அந்தச் சமையல்காரி அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த மேரி மாலன். சோப்பர் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளின் பதிவைத் துருவி, 1900 முதல் அவர் வேலை பார்த்த எட்டுக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். ஏழில் டைபாய்டு வந்திருந்தது. நேரில் போய்ச் சிறுநீரும் மலமும் ரத்தமும் பரிசோதனைக்கு வேண்டும் என்று கேட்டபோது மாலன் இறைச்சி குத்தும் முள்கரண்டியோடு பாய்ந்தார். ஒருநாளும் காய்ச்சலில் படுக்காத தன்னை நோய்க்காரி என்றால் யாருக்குக் கோபம் வராது? 1907-இல் அவரை நார்த் பிரதர் தீவில் அடைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் 1910-இல் விட்டார்கள். வேறு தொழில் தெரியாது. சமையலில் கிடைக்கும் கூலி துணி வெளுப்பதில் கிடைக்காது. 1915-இல் நியூயார்க்கின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டைபாய்டு கிளம்பியபோது, பெயரை மாற்றிக்கொண்டு அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். திரும்பத் தீவு. 1938-இல் இறக்கும்வரை அங்கேயே. அவரைப் போல நோய் தெரியாமல் கிருமி சுமந்தவர்கள் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கில் அடையாளம் காணப்பட்டார்கள். ஆயுள் முழுக்கத் தீவில் கிடந்தவர் இந்த ஏழைச் சமையல்காரி.

இதில் கொலை இல்லை, கொலைகாரியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். துப்பறிந்த முறையைச் சொல்கிறேன். யார், எதை, எப்போது, யார் கையால் சாப்பிட்டார், அந்தப் பண்டம் அடுப்பில் ஏறியதா இல்லையா என்ற கேள்விகள் சமையல் மர்மக்கதைக்காரர்கள் சொகுசுக்காகக் கண்டுபிடித்தவை அல்ல. பொதுச் சுகாதாரமே அப்படித்தான் துப்பறிகிறது. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் சுகாதார ஆய்வாளர் இன்றும் கேட்பது அதைத்தான்.

வர்க்கப் பேச்சுக்கு வருகிறேன். இங்கே எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' (1939) நாவலில் பணக்கார ஜெனரல் வீட்டு டிரைவர் காரோடு கடலில் செத்துக் கிடக்கிறான். கொன்றது யார், தற்கொலையா? நாவல் முடிந்தும் விடை இல்லை. படம் எடுத்தவர்கள் தந்தி அடித்துக் கேட்க, எழுதியவருக்கே தெரியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். ரசிகர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், மேதையின் அலட்சியம் என்பதுபோல. ஒரு வேலைக்காரனின் சாவு கணக்கில் விட்டுப்போனதற்கு இத்தனை செல்லம்.

'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' கதைக்குத் திரும்புங்கள். அந்த வீட்டு வேலைக்காரி கிளாடிஸும் கொல்லப்படுகிறாள். துணி உலர்த்தும் கொடிக்கருகே கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள், மூக்கில் துணிக் கிளிப் மாட்டியிருக்கிறது. பணக்காரரின் சாவுக்குத் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் ரயில் ஏறவில்லை. அநாதை விடுதியிலிருந்து வந்து தன் வீட்டில் வேலை பழகிய, அவ்வளவாகச் சூட்டிகை இல்லாத அந்தப் பெண்ணுக்காக ஏறுகிறார். அந்தக் கிளிப்பை அவரால் தாங்க முடியவில்லை. கொலையைவிட அந்த அவமதிப்பு. சொகுசு எழுத்து என்று தள்ளப்பட்டவர் வேலைக்காரியின் மூக்குக்காக வெகுண்டெழுகிறார். நிஜத்தின் காவலர் டிரைவரை மறந்துவிடுகிறார்.

ரெக்ஸ் ஸ்டவுட்டின் 'டூ மெனி குக்ஸ்' (1938) இன்னும் கூர்மையானது. மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஓய்வு விடுதியில் உலகத்தின் பெரிய சமையல் கலைஞர்கள் கூடுகிறார்கள். ஒரு சாஸை ஒன்பது கிண்ணங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மானத்தை விட்டுவிட்டு, எதில் எது இல்லை என்று நாக்கால் சொல்லும் போட்டி. நடுவில் கொலை. அந்த விடுதியில் சமையல் கூடத்திலும் பரிமாறுவதிலும் இருப்பவர்கள் கறுப்பினத்தவர்கள். உள்ளூர் ஷெரீஃப் மிரட்டிப் பார்த்து ஒன்றும் பெயரவில்லை. துப்பறிவாளர் நீரோ உல்ஃப் இரவில் அவர்களைத் தன் அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, மரியாதையாகப் பேசுகிறார். அவர்களில் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞன் வாய் திறக்க, சீருடைபோட்டு நின்ற ஓர் ஆளைப் பற்றிய சாட்சியம் வருகிறது. அந்தக் காலத்து இழிசொற்களும் அதே புத்தகத்தில் உண்டு, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் பரிமாறுகிறவனை மனிதனாக நடத்தாதவனுக்கு உண்மை கிடைக்காது என்பதை 1938-இல் ஒரு சாப்பாட்டு நாவல் கதைப் பின்னலாகவே வைத்தது.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ரேஷன் 1954 வரை நீண்டது. கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' (1950) கதையில் ஒரு பிறந்தநாள் கேக்குக்காக அமெரிக்காவிலிருந்து வந்த டின் வெண்ணெயையும் கிறிஸ்துமஸுக்கு ஒதுக்கிவைத்த உலர்திராட்சையையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் வெண்ணெயும் காய்கறியும் திருட்டுத்தனமாகப் பண்டமாற்றுச் செய்கிறார்கள். அதற்காகப் பின்கதவுகள் பூட்டப்படுவதில்லை. யார் வீட்டுக்குள்ளும் யாரும் போகலாம். போலீஸின் பாதி வேலை அதில்தான் குழம்புகிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது சொகுசாகத் தெரியாது. அந்தக் கேக்கைச் செய்யும் அகதிப் பெண் மிட்சியைக் கிறிஸ்டி கேலிப் பொருளாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு புள்ளி.

இன்னும் சில புள்ளிகளும் தரலாம். இன்று வருகிற சமையல் கோஸிகளில் பெரும்பகுதி தேறாது. தலைப்பில் ஒரு சிலேடை, அட்டையில் பூனை, பருவத்துக்கு ஒரு கொலை, அப்படியும் விடுதியில் முன்பதிவு நிரம்பி வழியும். கொலைக்கும் சமையலுக்கும் சம்பந்தமே இருக்காது. மூன்றாவது அத்தியாயத்தில் மஃபின் வரும், நான்காவதில் பிணம் வரும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. அவை மோசமான புத்தகங்கள். மழை நகரக் குடிகார அதிகாரிகளிலும் முக்கால்வாசி நகலெடுத்த சரக்குத்தான். அதற்காக அந்த வகையையே யாரும் கழித்துக் கட்டவில்லை.

கடைசியாக, சமையல்காரிக்கு எதற்குத் துப்பறியும் வேலை, அவள் அடுப்பைப் பார்க்கட்டுமே என்பார்கள். டயான் மாட் டேவிட்சனின் 'கேட்டரிங் டு நோபடி' (1990) அதற்குப் பதில் வைத்திருக்கிறது. தீவில்லை, கொலராடோ மாநிலத்து மலையூர். கோல்டி, அடித்துத் துன்புறுத்திய டாக்டர் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கிவிட்டு, ஆர்டர் பிடித்துச் சமைத்துப் போட்டு மகனை வளர்க்கிறவள். அவள் சமைத்த ஓர் இழவு விருந்தில் முன்னாள் மாமனாரின் பானத்தில் விஷம். போலீஸ் அவளுடைய தொழிலை மூடிவிடுகிறது. யார் விஷம் வைத்தது என்று தெரியும்வரை அவள் கையால் யாருக்கும் சமைத்துப் போட முடியாது. பையனின் செலவும் வீட்டுச் செலவும் அதற்காகக் காத்திருக்கவா போகின்றன?